அரிசி தின்ற மருமகள்

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்குவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உத்திரமேரூரில் நான் நர்ஸாகப் பல வருஷம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். பெண்கள் வார்டில் ஒரு பெண் கட்டிலில் சாய்ந்தபடி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் பழுப்பு நிற மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இரும்புச் சத்தா?" என்று அங்கிருந்த நர்ஸைக் கேட்டேன்.

"ஆமா மேடம். மாசா மாசம் ரொம்பப் போயி ரத்தம் கம்மியாயிடுச்சு. இது ஏறினதும் மத்தியானமே கிளம்பிடலாம். உங்க காலத்துல இடுப்புல ஊசி போடுவீங்களாமே, தோலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு? அது எப்படி மேடம்?"

அங்கேயே நின்று கையால் செய்து காட்டினேன். இன்னும் இரண்டு நர்ஸ் பெண்கள் வந்து நின்றுகொண்டார்கள். காட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கன்னியம்மாவின் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் மேடம் சிரிக்கிறீங்க?" என்றார்கள். நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். நர்ஸிங் படித்தது மதராஸில். தொப்பி கசங்கக் கூடாது, படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, பெரிய சிஸ்டர் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். படித்த வருஷங்களில் இவைதான் மனதில் நிற்கின்றன. மீதியெல்லாம் உத்திரமேரூருக்கு வந்த பிறகு கற்றது. எழுபதுகளின் நடுவில் அங்கே வேலைக்கு வந்தேன்.

முதல் வாரம் எனக்கு மருந்துகளைவிடப் பேச்சுதான் சிரமமாக இருந்தது. ஒரு பெண் வந்து, "நெஞ்சு படபடன்னு அட்ச்சிக்குது நர்சம்மா, நாலு எட்டு நட்ந்தா ஒரே பேஜாரா கீது" என்றாள். பேஜார் என்பது உடம்பில் ஏதோ ஓர் இடம் என்று நினைத்துக்கொண்டு, "பேஜாரு எந்தப் பக்கம்மா வலிக்கு?" என்று கேட்டேன். நோவையும் மறந்து அந்தப் பெண் சிரித்தாள். உள்ளே இருந்து இன்னொரு பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுதான் டாக்டர் சுலோசனா.

டாக்டர் சுலோசனாவுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். உயரமான ஆள், கனத்த குரல். அவர் பேசினால் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும். ஆனால் பெண்களிடம் மாதவிலக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திவிடுவார். "அதிகமாப் போகுதா?" என்று அவர் ஒரு நாளும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்டால் எந்தப் பெண்ணும் ஆமாம் என்று சொல்ல மாட்டாள். "எல்லாருக்கும் ஆவுறதுதானே" என்று தலையைக் குனிந்துகொள்வாள். டாக்டர் கேட்கும் கேள்விகளே வேறு.

"துணியை எங்கேம்மா காயப்போடுற?"

"கொல்லையிலதாம்மா. கொடி கட்டிகீறேன்."

"ஒரு கொடி போதுதா?"

"எங்கம்மா போதும்? வேலி மேலயும் போட்டுக்கினு கீறேன்."

"அந்த நாள்ல காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம்னா போவியா?"

"ஐயோ! பஸ்ல எப்பிடிம்மா குந்திக்கினு போறது?"

அவ்வளவுதான். டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிடும். பிறகு கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். நாக்கைப் பார்ப்பார். கையை வாங்கி நகத்தைப் பார்ப்பார். வருஷக்கணக்காக ரத்தம் குறைந்தவர்களுக்கு நகம் நடுவில் குழிந்துபோய், கரண்டி மாதிரி இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும். என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "பார்த்தியா, இதுக்கு லேப் எதுக்கு?" என்பார். சொல்லிவிட்டு லேபுக்கும் அனுப்புவார்.

அந்தக் காலத்து ரத்தச் சோதனை பார்க்க அழகாக இருக்கும். விரலைக் குத்தி எடுத்த ரத்தத்தைச் சின்னக் குழாயில் அமிலத்தோடு கலந்தால் அது பழுப்பாக மாறும். பக்கத்தில் அளவுக்காக ஒரு பழுப்புக் கண்ணாடி இருக்கும். குழாயில் இருப்பது அந்த நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல ரத்தம் நிறையத் தண்ணீர் வாங்கும். சோகை பிடித்த ரத்தம் சில சொட்டிலேயே வெளுத்துவிடும்.

மாத்திரை கொடுப்பது சுலபம், விழுங்க வைப்பதுதான் கஷ்டம். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். சொன்னாலும் சிலர் நிறுத்துவார்கள். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், "மாத்திர எனக்குக் கொமட்டுச்சும்மா, வீணாப் போவக்கூடாதுன்னு மாட்டுக்கு வச்சிட்டேன். மாடு நல்லா கீது" என்றாள். டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்துவிட்டு, "மாட்டுக்கு நான் வேற எழுதித் தரேன், இதை நீ சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடு, குமட்டாது. எலுமிச்சம்பழத் தண்ணி குடி. டீயோட மட்டும் போடாத" என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் சாலவாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கன்னியம்மாவை அவளுடைய மாமியார் முனியம்மா கூட்டிக்கொண்டு வந்தார். சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். கன்னியம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். முனியம்மாவுக்கு ஐம்பது ஆகவில்லை. சின்ன வயதிலேயே கல்யாணமாகி ஏழுமலை என்ற ஒரே மகனைப் பெற்றவர். அறுப்பு, நடவு எதுவானாலும் ஆட்களோடு ஆளாக இறங்கி வேலை செய்கிற உடம்பு. மருமகளோ மெழுகுப் பொம்மை மாதிரி வெளுத்துப்போயிருந்தாள்.

நோயாளி வாயைத் திறக்குமுன் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, இவ அரிசி துன்றா. வேக வக்காத அரிசி! புடி புடியா அள்ளி வாய்ல போட்டுக்கினு நறுக்கு நறுக்குன்னு மெல்றா. பானைய மேல தூக்கி வச்சேன், ஏறி எடுக்கறா. வூட்டுக்குள்ளயே திருடறா. அரிசி துன்னு துன்னுதான் இப்பிடி சோக புட்ச்சிக்கினா. அத நிறுத்தறதுக்கு ஒரு மருந்து குடுங்க. இல்லன்னா கூட்டிக்கினு போயி அவங்க அம்மா வூட்டுல வுட்டுட்டு வந்துர்றேன்."

கன்னியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டாக்டர் அவள் நகத்தையும் இமையையும் பார்த்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார். "முனியம்மா, அரிசி தின்னதால இவளுக்கு ரத்தம் குறையல. ரத்தம் குறைஞ்சதாலதான் அரிசி தின்னுறா. இது திருட்டு இல்ல, வியாதி. உடம்புல இரும்புச் சத்து இல்லைன்னா சிலருக்கு அரிசி கேக்கும், சிலருக்கு மண்ணு கேக்கும், சிலருக்கு பல்பம் கேக்கும். அவ மேல தப்பு இல்ல."

"இன்னாம்மா டாக்டரு, தலகீயா சொல்றீங்க!" என்றார் முனியம்மா.

"தலைகீழா நிக்கிறதை நேரா நிக்க வெச்சிருக்கேன்."

ஆனால் டாக்டரின் கொடிக் கேள்விக்குக் கன்னியம்மா பதில் சொல்லவில்லை. மாமியார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாதாரணமாத்தாம்மா" என்றாள். உள்ளே பரிசோதிக்க வேண்டும் என்றபோது புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முடியவே முடியாது என்று தலையாட்டிவிட்டாள். டாக்டர் வற்புறுத்தவில்லை. இரும்பு மாத்திரையும் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் கொடுத்து, கட்டாயம் திரும்பி வரச் சொன்னார்.

திரும்பி வந்தாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாள். மாமியாரே பக்கத்தில் நின்று விழுங்க வைத்திருக்கிறார். அப்படியும் ரத்தம் கூடவில்லை. டாக்டருக்குப் புரியவில்லை. "எங்கேயோ போய்க்கிட்டே இருக்கு, சிஸ்டர். இந்தப் பொண்ணு எதையோ சொல்ல மாட்டேங்குறா" என்றார்.

அதற்கடுத்த முறை அவளை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். காலைப் பொழுது, வெளிநோயாளிகள் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. களத்துமேட்டில் மயங்கி விழுந்துவிட்டாளாம். வண்டியில் விரித்திருந்த வைக்கோலெல்லாம் ரத்த ஈரம். கால் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது. உதடு எது, கன்னம் எது என்று நிறத்தில் வித்தியாசமே இல்லை. கழுத்தில் நரம்பு துடிப்பதை வாசலிலிருந்தே பார்த்தேன். வண்டியை ஓட்டிவந்த ஏழுமலை மாட்டைக்கூட அவிழ்க்காமல் திகைத்து நின்றான்.

டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பினார். மறுபடியும் கன்னியம்மா புடவையை இறுக்கினாள். டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் பக்கத்து அறைக்குப் போனார். நான் கட்டிலில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் முதுகை என் மேல் சாய்த்துக்கொண்டேன்.

"என்னம்மா பயம்? சொல்லு. உங்க வீட்ல யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "டாக்டரு உள்ள பாத்தாங்கன்னா தெரிஞ்சிடும் நர்சம்மா. சின்னப் பொண்ணு பொறந்தப்பறம், கேம்பு போட்டாங்கல்ல... லூப் போட்டுக்கினேன். வூட்ல யாருக்கும் தெரியாது. எங்க அத்தைக்குப் பேரன் வோணும்னு ஆச. தெரிஞ்சிதுன்னா வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

அந்த நாட்களில் குடும்பக் கட்டுப்பாடு முகாம்களில், பிள்ளைப்பேறு தள்ளிப்போக, கர்ப்பப்பைக்குள் வளையமாகப் பிளாஸ்டிக்கில் ஒன்றை வைத்துவிடுவார்கள். நிறையப் பெண்களுக்கு அது தொந்தரவில்லாமல் இருந்தது. சிலருக்கு மாதாமாதம் ரத்தத்தைக் கொட்ட வைக்கும். கன்னியம்மா அந்தச் சிலரில் ஒருத்தி. போட்ட நாள் முதலாக ஒரு தடவைகூடப் போய்க் காட்டவில்லை.

நான் சொன்னதும் டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவளைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் தட்டி, "அடி பைத்தியக்காரி! மதகு திறந்து கிடக்கு, நான் ஏரிக்குத் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கேன், எப்படி நிரம்பும்?" என்றார். அந்த நிலையிலும் கன்னியம்மா லேசாகச் சிரித்தாள். ஏரிப் பாசனத்து ஊர்ப் பெண்ணுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது. நூலைப் பிடித்து மெதுவாக இழுத்து அந்த லூப்பை வெளியே எடுக்க டாக்டருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ரத்தம் கட்டுப்பட ஊசி போட்டார். வெளியே வந்து முனியம்மாவிடம், "உள்ள ஒரு சின்னக் கோளாறு, சரி பண்ணிட்டேன். ஆனா இருக்கிற ரத்தம் உயிருக்குப் பத்தாது. செங்கல்பட்டுக்குப் போயி ரத்தம் ஏத்தணும். இப்பவே" என்றார்.

ஜீப்பில் நானும் கூடப் போனேன். வழி நெடுக அவளைச் சாய்ந்த நிலையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். முன் சீட்டில் ஏழுமலை, பின்னால் எங்களோடு முனியம்மா.

செங்கல்பட்டில் ரத்தம் கொடுக்க வீட்டு ஆட்களைத்தான் கேட்டார்கள். ஏழுமலை சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் உள்ளே போனான். ஊசியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்தால் ஏர் பிடிக்கத் தெம்பு இருக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஒரு டீ குட்ச்சிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனவன் வரவில்லை. நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே கன்னியம்மா மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

முனியம்மா எழுந்து போய், ரத்தம் எடுக்கிறவருக்கு முன்னால் கையை நீட்டினார். "என் கையக் குத்துய்யா."

"நீங்க யாரும்மா? அவங்க அம்மாவா?"

"மாமியாரு."

அங்கிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முனியம்மாவுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஏய்யா, மாமியா ரத்தம் மருமவளுக்கு ஒத்துக்குமா?"

"வீட்லதாம்மா ஒத்துக்காது, பாட்டில்ல ஒத்துக்கும்" என்றார் அவர்.

இரண்டு பேர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள், ஒத்துக்கொண்டது. அவர் உடம்பில் ரத்தமும் நன்றாக இருந்தது. மேஜையில் படுத்துக்கொண்டு கண்ணாடிப் பாட்டில் நிறைவதைத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார் முனியம்மா. முடிந்ததும், "இம்மாந்தானா? அறுப்புல அரிவாள் பட்டா இத்தவிட ஜாஸ்தி போவும்" என்று எழுந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஏழுமலை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தான். அம்மாவின் கையில் கட்டியிருந்த பஞ்சைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். முனியம்மா ஒன்றும் திட்டவில்லை. "வா நைனா, வந்து பட்த்துக்கோ. நான் கையப் புட்ச்சிக்கிறேன்" என்றார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டிலைக் கொடுத்தான்.

அவ்வளவு சோகை பிடித்த உடம்பில் ரத்தத்தை வேகமாக ஏற்றக் கூடாது. களைத்துப்போன இதயம் தாங்காது. உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்ற ஊசி போட்டு, மிக மெதுவாக ஏற்றினார்கள். நான் அவள் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் அது மிரண்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது. பிறகு அவள் கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது நர்சம்மா." எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. முனியம்மா ஓடிப்போய் இட்லி வாங்கி வந்து, அவளுக்கு ஊட்டினார்.

உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் உடம்பில் இரும்புச் சத்துச் சேமிப்பு காலி. அதை நிரப்ப உத்திரமேரூரிலேயே எங்கள் வார்டில் வைத்து ஊசி போட்டோம். இப்போதைய நர்ஸ்கள் கேட்டது இந்த ஊசியைத்தான். மருந்து கறுப்புக் காப்பி மாதிரி இருக்கும். முதலில் கொஞ்சமே கொஞ்சம் போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். மருந்தை உறிஞ்சிய ஊசியை மாற்றிவிட்டு, வேறு நீள ஊசி பொருத்த வேண்டும். இடுப்புக்குக் கீழே, புட்டத்தின் மேல்புறமாக, வெளிப்பக்கம் பார்த்து இடம் தேர்ந்து, இடது கையால் தோலை ஒரு பக்கமாக நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆழமாகக் குத்தி, ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்த்து, மெதுவாக மருந்தைச் செலுத்தி, கொஞ்சம் பொறுத்து ஊசியை எடுத்த பிறகுதான் தோலை விட வேண்டும். விட்டதும் தோல் தன் இடத்துக்குப் போய், ஊசி போன வழியை மூடிவிடும். அப்படிச் செய்யாவிட்டால் மருந்து கசிந்து தோலில் பழுப்புக் கறையாகப் பல வருஷம் நிற்கும். தேய்க்கவும் கூடாது. கன்னியம்மாவுக்கு நான் போட்ட ஒரு ஊசிகூடக் கறை வைக்கவில்லை. டாக்டர் சுலோசனா மற்ற நர்ஸ்களைக் கூப்பிட்டு, "இதுதான் ஊசி" என்று காட்டினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு நாள் ஊசி போட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். முனியம்மா பின்னாலேயே வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். "நர்சம்மா, அந்த லூப்ப எட்த்தாச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த..."

"சும்மா இருங்க. அவ போட்டுக்கினு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். கேம்புல பாத்தவ ஒருத்தி வந்து சொன்னா."

"ஏன் கேக்கல?"

"அவ சொல்லல, நான் எதுக்குக் கேக்கணும்? ரெண்டு பெத்து இளைச்சிப் போனவ, கொஞ்ச நாளு தள்ளிப் போடறான்னு வுட்டுட்டேன். எனக்குப் பேரன் வோணும்னு ஆச இருந்துச்சி, அது பொய்யில்ல. அதுக்கோசரம் அவளப் போட்டு நெருக்கறதா? ஆனா அதுதான் ரத்தத்த இஸ்துக்கினு கீதுன்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சே! தெரிஞ்சிருந்தா நானே கைய புட்ச்சி இட்டாந்திருப்பேன்." "அரிசிக்காகத் திட்னேன் பாருங்க, அதான் மனசு கேக்க மாட்டேங்குது."

"இதை நீங்களே அவகிட்ட சொல்லுங்க" என்றேன். சொல்லியிருக்கிறார். மறுநாள் நான் போனபோது மாமியாரும் மருமகளும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாவின் கண் அழுது சிவந்திருந்தது, முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

அரிசி விஷயமும் அதே வாரம் முடிந்தது. முனியம்மா வீட்டிலிருந்து ஒரு சின்னத் துணியில் அரிசி கட்டிக்கொண்டு வந்து, டாக்டர் எதிரிலேயே மருமகள் கையில் கொடுத்தார். "துன்னு பாக்கலாம்." கன்னியம்மா ஒரு வாய் போட்டு மென்றாள். முகத்தைச் சுளித்தாள். ஓடிப்போய் ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். "இன்னா அத்த இது, சுண்ணாம்பு மாரி கீது! இதயா நான் துன்னுக்கினு இருந்தேன்?" டாக்டர் சுலோசனாவின் சிரிப்பில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

அடுத்த வருஷம் ரத்தம் நன்றாக ஊறிய பிறகு, கன்னியம்மா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள வந்தாள். இந்த முறை மறைவு ஏதும் இல்லை. மாமியார் ஒரு பக்கமும் புருஷன் ஒரு பக்கமும் நடந்து வந்தார்கள்.

பிறகு ஒரு நடவுக் காலத்தில் தடுப்பூசி போடுவதற்காக நான் அவர்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். வரப்பில் நடந்துபோகும்போது பக்கத்துக் கழனியில் பெரிய சண்டைச் சத்தம். பார்த்தால், முழங்கால் சேற்றில் முனியம்மாவும் கன்னியம்மாவும் எதிரெதிரே நின்றுகொண்டு, நாற்றை எட்டி எட்டி நடுவதா நெருக்கி நடுவதா என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் உப்பி, கறுத்து மினுமினுத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். குரல் மாமியார் குரலுக்கு மேல் இருந்தது.

"என் ரத்தம்டி ஓட்து உன் ஒடம்புல! என்னையே எதுத்துப் பேசறியா?" என்றார் முனியம்மா.

"உன் ரத்தம் ஓடறதாலதான் அத்த இம்மாம் வாய் பேசறேன்! என் ரத்தமா இருந்தா சும்மா இருந்திருப்பேன்!"

நடவு நட்ட பெண்கள் எல்லாரும் நாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கு முந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் முனியம்மாதான்.